துபாய் மரினாவுல தனி யாட் – 2 மணி நேரமா, 3ஆ, 4ஆ? பெரியவங்களோட போனவங்க சொல்லுங்க

கராமா_குடும்பஸ்தன்

வணக்கம் மக்களே. டிசம்பர் ரெண்டாவது வாரம் அப்பா அம்மா ஊர்ல இருந்து வர்றாங்க. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் ஐப்பசியிலயே திருக்கடையூர்ல முடிஞ்சுது, எனக்கு லீவு கெடைக்கல, ரெண்டே நாள்ல தலைய காட்டிட்டு ஓடி வந்தேன், அந்தக் குறை இன்னும் மனசுல கெடக்கு. அதான் இங்க வரும்போது மரினாவுல ஒரு யாட் (சொகுசுப் படகு) தனியா வாடகைக்கு எடுத்து குடும்பத்தோட போய் சூரிய அஸ்தமனம் பாத்துட்டு ஒரு கேக் வெட்டலாம்னு ப்ளான். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

ஆளுங்க மொத்தம் 10 பேர்: அப்பா அம்மா, மாமனார் மாமியார், நான், வீட்டம்மா, பெரிய பையன் (7 வயசு), அக்கா, மாமா, அவங்க பொண்ணு. எங்க சின்னவன் 10 மாசம், அவன் மடியிலதான்.

ரெண்டு போட் பாத்து வெச்சிருக்கேன். 42 அடி ஒண்ணு, 10 பேர் வரைக்கும், மணிக்கு 450 திர்ஹாம் சொல்றான். இன்னொண்ணு 55 அடி, 16 பேர், மணிக்கு 700. ரெண்டுலயுமே குறைஞ்சது 2 மணி நேரம் எடுக்கணுமாம். என் பட்ஜெட் 2000, அதுக்கு மேல போனா வீட்டம்மாவுக்கு பதில் சொல்ல முடியாது. 42 அடில 4 மணி நேரம் எடுத்தா 1800 வருது, அவ்ளோ தூரம் வந்து ஏறிட்டு ரெண்டு மணி நேரத்துல எறங்கணுமா, 4 எடுத்தா புர்ஜ் அல் அரப் ஹோட்டல் வரைக்கும் போய் நிதானமா சுத்திட்டு வரலாம்னு தோணுது. ஆனா ஆபீஸ்ல ஒருத்தர் 2 மணி நேரமே ஜாஸ்தின்றார். அம்மாவுக்கு வேற பஸ்ஸுலயே தலை சுத்தும், கொடைக்கானல் போனா வத்தலகுண்டு தாண்டுறதுக்குள்ள கவர் கேப்பாங்க. எத்தனை மணி நேரம் எடுக்கலாம்? போன அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

ரோலா_ராணி

தம்பி நாங்க போன வருஷம் இதே மாதிரி மாமியார் மாமனார் வந்தப்போ 4 மணி நேரம் எடுத்தோம், அதனால சொல்றேன், வேணாம். மொத ஒரு மணி நேரம் எல்லாருக்கும் ஒரே குஷி, போட்டோ, வீடியோ, ஊருக்கு வீடியோ கால். ரெண்டாவது மணி நேரம் சாப்பாடு, நான் வீட்லேருந்து லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிட்டுப் போயிருந்தேன், போட்ல பார்பிக்யூ வேற குடுத்தாங்க, ரெண்டு வாசனையும் சேர்ந்து அது ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னே தெரியல. பசங்க ஐபேட் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, கடல் நடுவுல! மாமியார் ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் அந்த ஸ்டீல் கம்பிய விடவே இல்ல, உள்ளங்கை செவந்து போச்சு, "எப்பம்மா கரைக்குப் போவோம்"னு என்ன மட்டும் நாலு தடவ கேட்டாங்க, பையன்கிட்ட கேக்க மாட்டாங்க, அவரு மனசு நோகுமாம்.

டாய்லெட் ஒண்ணுதான், அதுவும் கீழ படி எறங்கிப் போகணும், ஆடுற போட்ல முட்டிவலி உள்ளவங்களுக்கு அது பெரிய வேலை. சுகர் இருக்குறவங்க வேற அடிக்கடி போவாங்க. இத யாரும் யோசிக்கிறதில்ல.

என்னக் கேட்டா 3. ரெண்டுன்னா கேக் வெட்டி முடிக்கறதுக்குள்ள திருப்பிடுவான்.

கொங்கு_கணக்கு

ஏனுங்க, டேரா பக்கம் போய் ஆப்ரா, அதானுங்க அந்த சின்ன மரப் படகு, ஏறுனா ஆளுக்கு 1 திர்ஹாம், 10 பேருக்கு 10, அந்தப்பக்கம் பர் துபாய்ல எறங்கி டீ குடிச்சுட்டு இன்னொரு 10 குடுத்தா திரும்பி வந்தறலாம். ஆகாயம் அதே ஆகாயம், சூரியன் அதே சூரியன். 1800க்கு ஊர்ல ஒரு கன்னுக்குட்டி வாங்கலாமுங்க.

சரி சரி வெளையாட்டுக்குச் சொன்னேன். அப்பாவுக்குன்னா செய்யுங்க. ஆனா ரேட்டு கேக்கறப்ப 5 சதம் வாட் வரி சேத்தியா இல்ல தனியான்னு கேட்டுக்கங்க, 1800ன்னு சொல்லிப்போட்டு பில்லுல 1890 வரும். 2000க்குள்ளன்னா அதையும் கூட்டிப் பாத்துக்கங்க. ஐஸ், தண்ணி, கேக் கொண்டாந்து தர்றதுக்கெல்லாம் தனிக் காசு போடறவனும் இருக்கறான். அப்புறம் ஒரே போட்டுக்கு வெள்ளி சாயங்காலம், சனி, ஞாயிறு ஒரு ரேட்டு, செவ்வாய் புதன் ஒரு ரேட்டு. நாள மாத்துனாலே ஒரு மணி நேரம் சும்மா கெடைக்கும்.

தங்கச்சிமடம்_தம்பி

அண்ணே வணக்கம். நான் இங்க யாட்ல டெக் வேல பாக்குறேன், 6 வருசம் ஆச்சு. மொத விசயம், உங்க சின்னவன் மடியில இருந்தாலும் இடுப்புல இருந்தாலும் கணக்குல ஒரு ஆள்தான். போட்டுக்கு இத்தன பேர்னு லைசென்ஸ்ல போட்டிருக்கும், கைக்குழந்தையும் அதுல சேத்தி. நீங்க 10 இல்ல, 11. அந்த 42 அடி போட்ல உங்கள ஏத்த மாட்டோம், ஏத்துனா கேப்டனுக்குத்தான் ஆப்பு. படகுத்துறையில வந்து நின்னுக்கிட்டு "பச்சப்புள்ளதானே"னு சண்டை போடுறத வாரத்துக்கு ஒருக்கா பாக்குறேன், கடைசில ஒரு மாமாவோ சித்தப்பாவோ கரையில நின்னு கை காட்டுவாரு. எல்லாருக்கும் எமிரேட்ஸ் ஐடி காப்பி, விசிட்ல வந்தவங்களுக்கு பாஸ்போர்ட் காப்பி முன்னாடியே அனுப்பிடுங்க.

அதனால உங்க கேள்வியே மாறுது. 55 அடி எடுத்தாகணும், அதுல எத்தன மணி நேரம்னுதான் பாக்கணும்.

இப்ப நேரத்துக்கு வாரேன். வாடகை மணி ஓட ஆரம்பிக்குறது நீங்க ஏறுன நேரத்துல இருந்து இல்ல, புக் பண்ண நேரத்துல இருந்து. 4 மணின்னு போட்டுட்டு பார்க்கிங் கெடைக்காம 4.20க்கு வந்தா அந்த 20 நிமிசம் போச்சு, ஏன்னா 6 மணிக்கு அடுத்த பார்ட்டி செருப்ப கையில வெச்சுக்கிட்டு நிக்கும். செருப்பு கழட்டி, லைஃப் ஜாக்கெட் எங்க இருக்குன்னு காட்டி, பெரியவங்கள கையப் புடிச்சு ஏத்தி, கயிறு அவுக்க 10 நிமிசம். அடுத்து போட் எங்கருந்து கெளம்புதுன்னு கேளுங்க. மரினாங்கிறது 3 கிலோமீட்டருக்கு வெட்டுன வாய்க்கால்தான், உள்ளுக்குள்ள நட வேகத்துலதான் போகணும், நடுவுல இருந்து கெளம்புனா வாய்க்கால் வாய தாண்டவே 15 நிமிசம். துபாய் ஹார்பர்ல இருந்து கெளம்புற போட்னா எடுத்ததும் கடல். ரெண்டு மணி நேரம் எடுக்குறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம், போக 15 வர 15, அர மணி நேரம்ல.

வெளிய வந்ததும் ஐன் துபாய் ராட்டினம் பக்கத்துலயே நிக்கும், 250 மீட்டர், அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். அங்கருந்து அட்லாண்டிஸ் ஹோட்டல் சுமார் 6 கிலோமீட்டர். டீசல் எங்க முதலாளி காசு, அதனால 8, 9 நாட் வேகத்துலதான் ஓட்டுவோம், மணிக்கு 16 கிலோமீட்டர்னு வைங்க. 20, 25 நிமிசம். அங்க ஒரு 15 நிமிசம் நிப்பாட்டி போட்டோ. திரும்ப அதே நேரம். ஆக 2 மணி நேரத்துல அட்லாண்டிஸ் போய் வரது சரியா இருக்கும், அதுக்குள்ள கேக்கும் வெட்டிடலாம், ஆனா இழுத்துப் போத்துன மாதிரி இருக்கும்.

புர்ஜ் அல் அரப்னா அட்லாண்டிஸ் தாண்டி இன்னும் 7, 8 கிலோமீட்டர். நேரா போக முடியாது, நடுவுல பாம் ஜுமைரா தீவு கெடக்கு, அதோட வெளிப்பக்கம் பிறை மாதிரி 11 கிலோமீட்டருக்கு ஒரு அலைதடுப்பு போட்டிருக்காங்க, அத வெளிய சுத்தித்தான் போகணும். போட் உருளுறது அங்கதான். உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்த ஆளுக எல்லாம் அந்தப் பிறைக்கு வெளிய போனதும் அமைதியாயிருவாங்க, பேச்சு நிக்கும், அப்பவே நான் கவர எடுத்து கையில வெச்சுக்குவேன். போய் வர ரெண்டு மணி நேரம் ஓட்டத்துலயே போயிரும், நின்னு பாக்க நேரம் வேணும்னா 3 பத்தாது, 4 வேணும். வத்தலகுண்டுலயே கவர் கேக்குற அம்மாவுக்கு இந்தப் பக்கம் வேணாம்ணே. புர்ஜ் அல் அரப்ப ஜுமைரா பீச்ல நின்னு பாத்தா இதவிட கிட்டத்துல தெரியும், காசும் இல்ல.

கராமா_குடும்பஸ்தன்

தம்பி கோடி நன்றி. 11 பேர் விசயம் நெஜமா தெரியாது, புக் பண்ற ஆள் "பேபி நோ ப்ராப்ளம் சார்"னுதான் சொன்னான். ரோலா அக்கா, 4 மணி நேரத்த கேன்சல் பண்ண வெச்சுட்டீங்க. அப்போ 55 அடில 2ஆ 3ஆ? 3ன்னா 2100, வாட்டோட 2205. பட்ஜெட் இடிக்குது. இல்ல பெரிய போட்டே வேணாம்னு எங்க அக்கா குடும்பத்த தனியா ஒரு நாள் கூட்டிட்டுப் போகவா? (இத அக்காகிட்ட சொன்னா அறுபதாம் கல்யாணத்துல மிச்சம் இருந்த சண்டையும் இதுல முடிஞ்சிடும்)

யாழ்_ஒஸ்லோ

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். நாங்கள் ரெண்டு வருசத்துக்கு முன்னம் குரோவேசியாவில ஸ்பிளிட்டில இருந்து பாய்க்கப்பல் ஒண்டு ஒரு கிழமைக்கு எடுத்துக்கொண்டு போனனாங்கள், மூண்டு குடும்பம். அது வேற மாதிரி ஆன பயணம், மணிக்கணக்கில தர மாட்டாங்கள், சனியில இருந்து சனி. ஆனால் நேரத்தைப் பற்றி நான் பட்டது உங்களுக்கும் பொருந்தும் எண்டு நினைக்கிறன். ஒரு கிழமை எண்டு காசு கட்டுறம், ஆனால் சனிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்குத்தான் கப்பலைத் தருவாங்கள், சாமான் ஏத்தி, கடுதாசியில கையெழுத்து வைச்சு முடிய இருட்டிப் போடும், அண்டைக்கு இரவு துறையிலயேதான். அடுத்த வெள்ளி பின்னேரமே திரும்பி வந்து டீசல் நிரப்ப வரிசையில நிக்கோணும். ஏழு இரவில ரெண்டு இரவு புறப்பட்ட துறையிலயே போச்சுது.

நாங்கள் முதல் நாளே விஸ் தீவு வரைக்கும் போவம் எண்டு வெளிக்கிட்டம், முப்பது கடல்மைல், ஆறு மணித்தியாலம். மனுசி பாதி வழியில படுத்தவள்தான், அடுத்த நாள் மத்தியானம் மட்டும் எழும்பேல்லை. பிறகு கப்பல் ஓட்டின ஸ்கிப்பர் பெடியன் சொன்னான், முதல் நாள் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஓடக்கூடாது, உடம்பு பழக வேணும் எண்டு. அதை முன்னமே சொல்லியிருக்கலாம். பிறகு ஹ்வார் பக்கம் ஒவ்வொரு நாளும் கொஞ்சத் தூரம் ஓடி, நங்கூரம் போட்டு, பிள்ளையள் குதிச்சு நீந்தினதுதான் இப்பவும் கதைக்கினம். பிஷேவோவில நீலக் குகை பாக்க ஓடின ஓட்டத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

உங்கட அம்மாவுக்கு ஓட்டம் குறைய, நிற்பு கூட இருக்கிற மாதிரிப் பாருங்கோ.

தங்கச்சிமடம்_தம்பி

ஒஸ்லோ அண்ணன் சொன்னது சரி, ஆனா ஒண்ணு சேத்துக்கிறேன். நிக்கும்போதுதான் சிலருக்கு ரொம்ப பெரட்டும். ஓடுற போட் அலைய வெட்டிக்கிட்டுப் போகும், நின்ன போட் அலை சொல்றபடி ஆடும். அதனால நிக்கிற எடம் அலை மறைவா இருக்கணும், அத கேப்டன்கிட்ட ஏறும்போதே சொல்லிடுங்க, "வயசானவங்க இருக்காங்க, அமைதியான எடமா பாத்து நிப்பாட்டுங்க"னு. சொன்னா செய்வாரு. சொல்லலன்னா அட்லாண்டிஸ் நேர் எதிர்க்க கொண்டுபோய் நிப்பாட்டுவாரு, போட்டோவுக்கு அதான் நல்லா வரும்.

எல்லாரும் போட்டோவுக்காக அணியத்துல போய் உக்காருவாங்க, அதான் முன்பக்கம், தூக்கித் தூக்கிப் போடுறது அங்கதான். அம்மாவ நடுவுல இல்லன்னா அமரத்துப் பக்கம், பின்னாடி உக்கார வைங்க, தூரத்துல கரைய பாக்கச் சொல்லுங்க, செல்ல பாக்கவே கூடாது. கீழ ரூம்ல படுக்கச் சொன்னா முடிஞ்சுது கத. வாந்திக்கு மாத்திரை குடுக்குறதா இருந்தா டாக்டர்ட்ட கேட்டு, ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முந்தியே குடுங்க. ஆட ஆரம்பிச்சதுக்கப்புறம் போட்டா மாத்திரையும் சேர்ந்து கடலுக்குத்தான்.

42க்கு பதிலா 55 எடுக்குறதுல லாபம் இருக்கு. சின்ன போட் சின்ன அலைக்கும் ஆடும், பெருசு கொஞ்சம் அடங்கி நிக்கும். காசு ஒண்ணுதான்னா எப்பவும் அடிய கூட்டி மணிய கொறைங்க, இது என் கருத்து. சின்னப் பசங்க கூட்டமா பாட்டு போட்டு ஆட வாராங்கன்னா அவங்களுக்கு மாத்திச் சொல்வேன்.

ஏறுற நேரம்: டிசம்பர் நடுவுல சூரியன் 5.30க்கு விழும். ரெண்டு மணி நேரம்னா 4.15ல இருந்து 6.15. மூணுன்னா 3.30ல இருந்து 6.30, மரினா லைட்டெல்லாம் போட்டதுக்கப்புறம் உள்ள வருவீங்க, அதுதாண்ணே பாக்க வேண்டியது, அந்த ரெண்டு பக்கமும் கட்டடம் நிக்க நடுவுல மெதுவா வரும்போது பெரியவங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு பாப்பாங்க. ஆட்டமும் இருக்காது அங்க. உச்சி வெயில்ல ஃப்ரீ ஹவர் குடுக்குறான்னு 12 மணிக்கு எடுத்துடாதீங்க. காலையில கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அம்மாவுக்கு அதுதான் சொகம், ஆனா உங்களுக்கு அஸ்தமனம் வேணும்ன்றீங்க.

கடைசியா ஒண்ணு, குளிர் காலத்துல ஷமால் காத்து அடிக்கும். வடமேற்குல இருந்து, நம்ம ஊர் வாடைக்காத்தும் மேக்கத்தி கச்சான் காத்தும் கைகோத்துக்கிட்டு வந்த மாதிரி, வந்தா ரெண்டு மூணு நாள் விடாது. கோஸ்ட் கார்ட் கடல மூடிட்டா எந்த போட்டும் போகாது. அப்ப காசு திரும்ப வருமா, வேற நாள் தருவாங்களான்னு எழுத்துல வாங்கிக்கங்க. அப்பா ஊருக்குத் திரும்புறதுக்கு மொத நாள்னு மட்டும் புக் பண்ணாதீங்க, வந்த வாரத்துலயே போடுங்க, தள்ளிப்போட நாள் இருக்கும்.

ரோலா_ராணி

அந்த எழுத்துல வாங்குறது முக்கியம் தம்பி. எங்களுக்கு காத்து இல்ல, ஆனா நாங்க போன போட்ல பாதி வழியில ஜெனரேட்டர் நின்னு ஏசி போச்சு, அர மணி நேரம் அப்படியே மெதந்தோம், அந்த அர மணிய கழிச்சுக் குடுங்கன்னா "கடல்லதானே இருந்தீங்க மேடம்"னான். கம்பெனி பேரு வேணாம், விடுங்க.

அப்புறம் கைக்குழந்தையோட அழுக்கு டயப்பர போட கவர் எடுத்துட்டுப் போங்க. போட் டாய்லெட்ல டிஷ்யூ போட்டாகூட அடைச்சுக்கும்.

கொங்கு_கணக்கு

செவ்வாய்க்கெழம 3 மணி நேரம் கேட்டுப் பாருங்க. 2100 சொன்னா வாட்டோட 1950ன்னு நில்லுங்க. பேசறப்ப அழுத்திச் சொல்லாதீங்க, "சரிங்க, இன்னொரு எடத்துல கேட்டுட்டுச் சொல்றேன்"னு போன வெச்சுருங்க. அவனே கூப்புடுவான்.

கராமா_குடும்பஸ்தன்

போய்ட்டு வந்தாச்சு, எழுதாம விட்டா தப்பு.

கொங்கு அண்ணே, போன வெச்ச 40 நிமிசத்துல கூப்ட்டான். 1950க்கு முடிஞ்சுது, 55 அடி, செவ்வாய்க்கிழமை, 3.30ல இருந்து 6.30, துபாய் ஹார்பர்ல இருந்து. பசங்க ஸ்கூல்லேருந்து வர லேட்டாகி 3.45க்குத்தான் ஏறுனோம், தம்பி சொன்ன மாதிரியே 6.30க்கு டாண்னு எறக்கி விட்டாங்க, ஒரு நிமிசம் கூட தரல. அட்லாண்டிஸ் வரைக்கும் போய், வர்ற வழியில அலை மறைவா ஒரு எடத்துல நங்கூரம் போட்டு 40 நிமிசம் நின்னோம். தண்ணி சில்லுனு இருந்துச்சு, பெரியவன் மட்டும் ஜாக்கெட் போட்டுக்கிட்டு எறங்குனான். எறங்குறதுக்கு முன்னாடி மரினா வாய்க்குள்ள ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொன்னேன், கேப்டன் சரின்னுட்டார்.

அம்மாவுக்கு ஒண்ணுமே ஆகல. பின்னாடி உக்காந்து மடியில சின்னவன வெச்சுக்கிட்டு சுண்டல் சாப்ட்டாங்க. வாந்தி எடுத்தது மாமா. முன்னாடி போய் உக்காராதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன், டைட்டானிக் போஸ் குடுக்கணும்னு போனார், பிறைக்குக் கிட்ட வந்ததும் ஆள் பச்சையாயிட்டார். அவருக்கு கவர் புடிச்சது எங்கம்மா, அனுபவம்.

அப்பா அஸ்தமனம் பாக்கவே இல்ல. கேக் வெட்டுனதும் ஒரு ஓரமா சோபால சாஞ்சவர் அப்படியே தூங்கிட்டார், எழுப்பலாம்னு போனேன், அம்மா வேணாம்னு கைய காட்டுனாங்க. லைட் எரியும்போதுதான் முழிச்சார், ரெண்டு பக்கமும் கட்டடத்த பாத்துட்டு "எந்த ஊருடா இது"ன்னார். ரூமுக்கு வந்ததும் எவ்ளோ குடுத்தன்னு கேட்டார், 400ன்னு சொல்லிருக்கேன். யாராச்சும் ஊர்ல அவர பாத்தீங்கன்னா மாத்திச் சொல்லிடாதீங்க.